நைனா வண்டிக்கு விசில் கிடையாது

அந்தக் கயிற்றை அறுத்தவன் நான்தான்.

அறுக்கும்படி யாரும் சொல்லவில்லை. அவிழ்த்து எடுத்துவிடு என்பதுதான் உத்தரவு. முடிச்சோ பல வருஷத்து எண்ணெய்ப் பிசுக்கில் இறுகிக் கிடந்தது. எனக்குப் பொறுமை மருந்துக்கும் கிடையாது. கடைசி ஸீட்டின் மேல் ஏறி நின்று, ஷெட் ஃபிட்டரிடம் கத்தி வாங்கி, ஒரே இழுப்பு. கயிறு என் தோளிலேயே வந்து விழுந்தது.

திருவள்ளூர் பஸ் ஷெட். ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமை, முதல் ட்ரிப்புக்கு முன்னால். தகரக் கூரையின் ஓட்டைகள் வழியாக வெயில் தரையில் வட்டம் வட்டமாக விழுந்திருந்தது. வண்டிக்குள் டீசல் வாசனை, அதற்கு மேல் முந்தின நாள் யாரோ கொண்டுபோன கருவாட்டு வாசனை. கீழே டீ தம்ளரோடு நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார் டிரைவர் சுப்பராயலு நாயுடு. ஷெட்டில் எல்லோருக்கும் அவர் நைனா.

"பாத்துடா தாவீது, தலைய இட்ச்சிக்கப் போற" என்றார்.

அவ்வளவுதான் சொன்னார். வேறு ஏதாவது சொல்லியிருக்கலாமே என்று எனக்கு இன்றுவரை அவர் மேல் கோபம் உண்டு. இந்தத் தொடரில் எத்தனையோ பேரைக் கிண்டல் செய்து எழுதிவிட்டேன். இந்த வாரம் என்னைப் பற்றியே எழுத வேண்டியிருப்பதால் நேற்று முழுக்க எழுதுவதும் எழுந்து போவதுமாகப் பொழுதை ஓட்டினேன். வீட்டுக்காரி பொறுக்க முடியாமல், "ஒண்ணு எழுதுங்க, இல்லன்னா கடைக்காவது போய்ட்டு வாங்க" என்றாள்.

கொம்பு முளைத்த கண்டக்டர்

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. கும்மிடிப்பூண்டிப் பக்கம் எங்கள் ஊர். இன்று அங்கே இறங்கினால் இரும்பு ஆலைப் புகை முகத்தில் அடிக்கிறது. அன்று சவுக்குத் தோப்பும் முள்வேலியும்தான். அப்பாவும் அம்மாவும் பிறர் வயலில் கூலி வேலை செய்தவர்கள். மிஷன் பள்ளிக்கூடத்துப் புண்ணியத்தில் நான் எஸ்.எஸ்.எல்.சி. தேறினேன். எங்கள் தெருவில் முதல் ஆள். அதில் முளைத்த கொம்பு அந்த வயதில் எனக்கு நன்றாகவே நீண்டிருந்தது.

பழவேற்காட்டு முஸ்லிம் குடும்பம் ஒன்று நடத்திய பஸ் கம்பெனி. பெயர் வேண்டாம், பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். எனக்குக் கண்டக்டர் வேலை கொடுத்தார்கள். மூன்று மாதம் தற்காலிகம், ஒழுங்காக இருந்தால் நிரந்தரம். ஒழுங்காக இல்லாவிட்டால் மறுபடி வயல்தான். அம்மா நான் வேலைக்குப் போகும்போதெல்லாம் வாசலில் நின்று ஜெபம் பண்ணுவாள். 

என்னை நைனாவின் வண்டியில் போட்டார்கள். திருவள்ளூரிலிருந்து பெரியபாளையம், கவரைப்பேட்டை வழியாகக் கும்மிடிப்பூண்டி. போக வர இரண்டு ட்ரிப்.

முதல் நாள் கவரைப்பேட்டையில் டீ குடிக்க இறங்கினோம். அந்தக் கடையில் எங்கள் ஆட்களுக்குத் தனித் தம்ளர், வெளிக் கம்பத்தில் மாட்டியிருக்கும். நான் பழக்கத்தில் கம்பத்துப் பக்கம் போனேன். நைனா திரும்பிப் பார்த்தார்.

"இன்னாடா அங்க போற? இங்க வா. யோவ், என் கண்டக்டருக்கு எனக்கு ஊத்தற கிளாஸுலயே ஊத்து. இல்லன்னா இனிமே வண்டி இங்க நிக்காது."

கடைக்காரர் ஊற்றினார். நைனா நாஷ்டாவுக்குக் கொண்டுவந்த இட்லியில் பாதியை என் பக்கம் தள்ளிவிட்டு, மழை வருமா என்று ஆகாயத்தைப் பார்த்தார். அந்த டீயின் சூடு நாக்கில் இருந்ததைவிட நெஞ்சில் அதிகமாக இருந்தது.

ஷெட்டின் மரியாதைகள்

அப்படிப்பட்ட மனிதரின் வண்டியில் இருந்தும் எனக்கு எரிச்சல் வந்ததற்குக் காரணம் ஷெட்டில் இருந்த மரியாதைகள்.

ஷெட்டில் மூன்று தலைமுறை இருந்தது. உலகச் சண்டைக்கு முன்னாலிருந்தே ஓட்டிய நைனா. அவருக்கு அடுத்த வயதில் செக்கர் ஏகாம்பரம் அண்ணன், நான்கைந்து டிரைவர்கள், ஃபிட்டர். அப்புறம் என்னைப் போன்ற புதுசுகள். புதுசு வந்தவுடன் வேலையைச் சொல்லிக் கொடுக்க மாட்டார்கள். நைனாவிடம் எப்படி நடந்துகொள்வது என்பதைத்தான் முதலில் சொல்லிக் கொடுப்பார்கள்.

"நைனாகிட்ட பின்னால நின்னுக்கினு பேசக்கூடாது. எதிர்ல வந்து, மூஞ்சியப் பாத்து, நிதானமா பேசணும். அதான் மரியாதி" என்றார் ஏகாம்பரம் அண்ணன். குள்ளமான மனிதர், காதில் எப்போதும் பென்சில்.

"சரிண்ணே."

"நைனா வண்டிக்கு விசில் கெடையாது. பெரிய டிரைவருக்கு நாயக் கூப்புடற மாதிரி ஊதக்கூடாது. கவுத்த இழு. நிக்கறதுக்கு ஒண்ணு, கெளம்பறதுக்கு ரெண்டு."

மற்ற வண்டிகளில் விசில் வந்து வெகு நாளாகியிருந்தது. நைனாவின் வண்டியில் மட்டும் கூரையை ஒட்டி, இரும்பு வளையங்களில் கோத்த ஒரு கயிறு படியிலிருந்து முன்பக்கம் வரை ஓடியது. அதன் நுனியில், நைனாவின் கண்ணுக்கு நேரே, ஒரு பித்தளை மணி. மணிக்கு நாக்கு இல்லை. இழுத்தால் ஆடும், ஓசை வராது.

இரண்டாம் நாளே ஒரு மரையாணியை நூலில் கட்டி உள்ளே தொங்கவிட்டேன். மணி கணகணவென்று அடித்தது. எனக்குப் பெருமை. சாயங்காலம் பார்த்தால் ஆணியைக் காணோம்.

"மணி ஆடினா போதும். அடிக்கத் தேவயில்ல. நைனாவுக்குப் புடிக்காது" என்றார் ஏகாம்பரம் அண்ணன். "நீ ரொம்பப் பட்ச்சவன்னு காட்டிக்காத."

ஓசை வராத மணிக்கு எதற்குக் கயிறு? பெரியவர்களைக் குளிர வைக்க இவர்கள் போடும் கூழைக்கும்பிடு என்று முடிவு கட்டினேன். எதிரே போய் நின்று, முகத்தைப் பார்த்து, நிதானமாகப் பேசு! எங்கள் அப்பா பண்ணையார் முன்னால் நின்றதுபோல நானும் நிற்பதா? அதே பெரியவர்தான் எனக்குத் தன் கிளாஸில் டீ வாங்கித் தந்தார் என்பது அந்த நேரத்தில் ஞாபகம் வராது.

கரி வண்டி

நைனா பேசினால் பெரும்பாலும் கரி வண்டிக் காலத்தைப் பற்றித்தான் பேசுவார். சண்டைக் காலத்தில் பெட்ரோல் கிடைக்காமல், வண்டியின் பின்னால் பெரிய பீப்பாய் வைத்து, அதில் மரக்கரியை எரித்து, அந்தப் புகையில் பஸ் ஓட்டினார்களே, அந்தக் காலம். மேடு வந்தால் ஜனங்கள் இறங்கித் தள்ள வேண்டும். அதில் ஒரு மாப்பிள்ளை, தாலி கட்டப் போகிறவர், பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தள்ளினாராம். கல்யாண வீட்டுக்குப் போய்ச் சேரும்போது யார் மாப்பிள்ளை என்று தெரியாத அளவுக்குக் கரியாம்.

இதைச் சொல்லிச் சிரித்துவிட்டு, நைனா காதைத் தேய்த்துக்கொள்வார். "அந்த மிசினு சத்தம் இருக்குதே, இன்னும் காதுலயே கீதுடா. வுடமாட்டன்னுது."

நானும் சிரித்தேன். மாப்பிள்ளைக்காகச் சிரித்தேனே தவிர, காதைப் பற்றி அவர் சொன்னதைக் காதில் வாங்கவில்லை.

மிஸ்டர் நாயுடு

முதலாளி பெரிய பாய் உடம்புக்கு முடியாமல் பழவேற்காட்டு வீட்டோடு தங்கிவிட்டார். அவர் மகன், எங்களுக்குச் சின்ன முதலாளி, மதராஸ் காலேஜில் படித்துவிட்டு வந்து ஷெட்டை எடுத்துக்கொண்டார். என்னைவிட இரண்டு வயது பெரியவர் இருப்பார். நல்ல மனுஷன். ஆனால் அவரும் என்னைப் போலவே, ஒரு இடத்தில் நிற்காதவர். வந்த ஒரு வாரத்தில் எல்லோருக்கும் காக்கி. முதலாளி என்று கும்பிட வேண்டாம், சார் என்றால் போதும். தொழிலாளியை அவரும் வாடா போடா என்று பேச மாட்டார்.

முதல் நாள் நைனாவுக்குப் பின்னால் வந்து, "குட்மார்னிங், மிஸ்டர் நாயுடு" என்றார். நைனா திரும்பவே இல்லை. டயரை உதைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். யாருமே தன்னை மிஸ்டர் என்று கூப்பிட்டதில்லையே, அதனால்தான் வேறு யாரையோ என்று நினைத்துவிட்டார் என்று நாங்கள் புதுசுகள் ஒரு வாரம் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். ஏகாம்பரம் அண்ணன் சிரிக்கவில்லை.

அப்புறம் வந்தது விசில் உத்தரவு. எல்லா வண்டிக்கும் விசில், பழைய கயிறு இருந்தால் எடுத்துவிட வேண்டும்.

ஏகாம்பரம் அண்ணன் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு போய் நின்றார். "நைனா வண்டிக்கு மட்டும் வேணாங்க."

"ஏன்?"

"மரியாதைங்க. ரொம்ப நாளா அப்டியே வந்துக்கினு கீது."

"மரியாதைக்கும் கயிற்றுக்கும் என்ன சம்பந்தம் ஏகாம்பரம்?"

அவர் தலையைச் சொறிந்தார். நான் பின்னால் நின்று வாய்விட்டுச் சிரித்தேன். மறுநாள் காலை கயிற்றை எடுக்க ஆள் வேண்டும் என்றதும் முதலில் ஓடியவனும் நான்தான்.

பெரியபாளையம்

இனிமேல் ஆடி ஞாயிறு. பெரியபாளையத்து அம்மன் கோயிலுக்கு அந்த மாதம் ஞாயிற்றுக்கிழமைகளில் எத்தனை ஜனம் வரும் என்பது வட மாவட்டத்தார் எல்லோருக்கும் தெரியும். வேப்பிலைக் கட்டு, கோழிக் கூடை, மஞ்சள் புடவை, அழும் குழந்தை. வண்டிக்குள் காற்று நுழைய இடமில்லை.

காலையிலிருந்து நான் விசில் ஊதிக்கொண்டுதான் வந்தேன். வண்டியும் சரியாகத்தான் நின்றது, கிளம்பியது. அப்போது நான் கவனிக்காத ஒன்று உண்டு. படியில் ஏறி, மேல் கம்பியைப் பிடிக்கக் கையைத் தூக்கிக்கொண்டுதான் நான் இரண்டு விசில் கொடுப்பேன். நிற்கிற இடங்கள் நைனாவுக்கு மனப்பாடம்; கிளம்புவதற்குக் கண்ணாடியில் என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பெரியபாளையத்தில் முக்கால்வாசிப் பேர் இறங்கினார்கள். கடைசியாக ஒரு அம்மாள், பள்ளிப்பட்டுப் பக்கத்திலிருந்து இரண்டு வண்டி மாறி வந்தவள், ஒரு காலைத் தரையில் ஊன்றி, ஒரு காலைப் படியில் வைத்தபடி, "தம்பி, கோழிக்கூட மேல கீதுப்பா" என்றாள். நான் கையைத் தூக்கி மேல் பலகையிலிருந்த கூடையைப் பிடித்தேன்.

வண்டி கிளம்பியது.

விசிலை வாயில் வைத்து ஊதினேன். மறுபடி ஊதினேன். கன்னம் வலிக்க மூன்றாம் முறை ஊதினேன். அந்த அம்மாளின் கை கைப்பிடிக் கம்பியில் மாட்டிக்கொண்டிருந்தது. நாலைந்து அடி இழுபட்டுப் போய் விழுந்தாள். டிரைவர் ஸீட்டுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த ஒருவர் நைனாவின் தோளில் ஓங்கி அறைந்த பிறகுதான் பிரேக் விழுந்தது.

நைனா இறங்கி ஓடி வந்தார். முகமெல்லாம் வேர்வை. என் சட்டையைப் பிடித்து, "ஏன்டா ஊதல? ஏன்டா ஊதல?" என்று கத்தினார்.

கீழே, மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, தலையைக் குனிந்தபடி அந்த அம்மாள் முனகினாள். "அந்தப் புள்ள ஊதிச்சேப்பா… ஊதிக்கினேதான் இருந்திச்சி…"

அவள் சொன்னது எனக்குக் கேட்டது. சுற்றி நின்றவர்களுக்கும் கேட்டது. இரண்டடி தூரத்தில் நின்ற நைனாவுக்குக் கேட்கவில்லை.

அந்த நேரத்தில் எல்லாம் ஒன்றாக வந்து என் மேல் விழுந்தது. பின்னால் நின்று பேசாதே. முகத்தைப் பார்த்துப் பேசு. மணி ஆடினால் போதும். மிஸ்டர் நாயுடு. கும்பிடு போடுகிறவர்கள் என்று நான் இளக்காரம் செய்த மனிதர்கள் எத்தனை வருஷமாக ஒரு மனிதரைப் பொத்திப் பொத்தி வைத்திருக்கிறார்கள்! அதை நான் ஒரு கத்தியால் அறுத்துவிட்டேன்.

அந்த அம்மாளுக்கு மணிக்கட்டு எலும்பு முறிந்திருந்தது. கட்டுப் போட்டுக்கொண்டு, அந்தக் கையோடே கோயிலுக்கும் போனாள். கோழிக்கூடையை நான்தான் தூக்கிக்கொண்டு நடந்தேன்.

ஏகாம்பரம் அண்ணன் கேட்டது

அன்று சாயங்காலம் ஏகாம்பரம் அண்ணன் என்னை ஷெட்டுக்குப் பின்னால் கூட்டிப் போனார். முதல் முறையாகக் காதில் பென்சில் இல்லை.

"நாளைக்கு சின்னவரு கேப்பாரு. மறந்துட்டேன், ஊதலன்னு சொல்லிடு."

"ஊதினேண்ணே. மூணு தபா ஊதினேன்."

"தெரியும்டா. உன் வேலை போச்சின்னா நான் வேற எடத்துல வாங்கித் தரேன். உனக்கு வயசு கீது. நைனாவுக்கு இனிமே எவன் வண்டி குடுப்பான்? ஊட்டுல அவரு சம்சாரம் படுத்த படுக்கை. ஓட்டறத வுட்டா அவருக்கு வேற இன்னா தெரியும்?"

"அடுத்த தபா கைக்குப் பதிலா கழுத்து போச்சின்னா?"

 "கவுறு இருந்த வரைக்கும் ஒண்ணும் ஆவலியேடா" என்றார். குரல் உடைந்துவிட்டது.

"நைனாவுக்கு இது தெரியுமா? நம்மளுக்கெல்லாம் தெரியும்னு?"

"தெரியாது. காது கொஞ்சம் மந்தம்னுதான் நெனச்சிக்கினு கீறாரு, அதுவும் யாருக்கும் தெரியாதுன்னு. அப்டியே இருக்கட்டும்."

மூத்தவர் தப்பைச் சின்னவன் தன் தலையில் போட்டுக்கொள்வது ஷெட்டு வழக்கம். வண்டியில் கீறல் விழுந்தால் கிளீனர் பெயர், நேரம் தப்பினால் கண்டக்டர் பெயர். அதில் நான் புதிதாகக் கேட்பது ஒன்றும் இல்லை. ஆனாலும் அம்மாவின் ஜெபம், அந்த அம்மாளின் மணிக்கட்டு, கவரைப்பேட்டைக் கிளாஸ் என்று மாறி மாறி வந்து என்னை உட்காரவிடவில்லை. கால் வலிக்கிற வரை ரயில் ரோட்டோரம் நடந்தேன்.

வண்டியைப் பார்த்து நில்லுங்கள்

மறுநாள் காலையில் சின்ன முதலாளி எல்லோரையும் கூப்பிட்டார். என்னிடம் நேராகவே கேட்டார். "விசில் ஊதினாயா, இல்லையா?"

ஏகாம்பரம் அண்ணன் என்னையே பார்த்தார். 

"ஊதினேன் சார்."

நைனாவின் கண் என் உதட்டில் இருந்தது. அவர் கோபப்படவில்லை. வருத்தமாகத்தான் சொன்னார். "இல்லீங்க. புள்ள பயத்துல சொல்றான். ஊதியிருந்தா நான் நிறுத்தியிருக்க மாட்டனா?"

சின்ன முதலாளி எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். அப்புறம் என் விசிலை வாங்கிக்கொண்டார். "எல்லோரும் வண்டியைப் பார்த்துத் திரும்பி நில்லுங்கள்" என்றார்.

பன்னிரண்டு பேர் வரிசையாக நின்றோம். நைனா எனக்குப் பக்கத்தில். அவருக்கு இதெல்லாம் எதற்கு என்று புரியவில்லை. எதிரே அவருடைய வண்டி, அதன் கூரையில் கயிறு இல்லாத வளையங்கள்.

பின்னாலிருந்து விசில் அடித்தது. காது கிழிகிற மாதிரி.

யாரும் திரும்பவில்லை.

ஒருவர்கூடத் திரும்பவில்லை. ஃபிட்டர் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். ஏகாம்பரம் அண்ணன் பல்லைக் கடித்துக்கொண்டு வண்டியை முறைத்தார். எல்லோரும் திரும்பினால் நைனா திரும்பாதது தெரிந்துவிடும் அல்லவா? யாரும் சொல்லிவைக்காமல், பத்துப் பேரும் ஒரே நேரத்தில் செவிடாகிவிட்டார்கள்.

நான் திரும்பினேன்.

வேண்டுமென்று திரும்பினேனா, உடம்பு தானாகத் திரும்பியதா என்று இன்றுவரை எனக்கே தெரியாது. பல தடவை பலவிதமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். எதுவும் ஒட்டவில்லை.

நான் திரும்புவதைப் பார்த்து நைனாவும் திரும்பினார். மூச்சு விடுகிற நேரம் பிந்தி. சின்ன முதலாளியின் வாயில் விசில் இருந்தது. நைனா அதைப் பார்த்தார். பிறகு வரிசையில் அசையாமல் நிற்கிறவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். காது கேட்கிற மனிதர்கள் ஏன் மரம் மாதிரி நிற்கிறார்கள் என்று யோசித்தார் போலிருக்கிறது. ஏகாம்பரம் அண்ணனின் கன்னத்தில் கண்ணீர் வழிவதைப் பார்த்ததும் அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது.

சின்ன முதலாளி விசிலை மெல்ல இறக்கினார். "நாயுடுகாரு…" என்று எதையோ ஆரம்பித்தார். மிஸ்டர் போய்விட்டிருந்தது. நைனா அவரைப் பேச விடவில்லை. சட்டையில் குத்தியிருந்த டிரைவர் பில்லையைக் கழற்றினார். அதைத் துண்டின் நுனியால் ஒரு தடவை துடைத்து, அவர் கையில் கொடுத்தார்.

"அந்தம்மா கை எப்டி கீது?" என்று கேட்டார்.

"எலும்பு கூடிவிடும் என்று டாக்டர் சொல்கிறார்."

"ஊடு எங்கன்னு கேட்டு வைங்க. நான் போய்ப் பாக்கணும்."

பிறகு என்னிடம் வந்தார். எதிரே நின்றார். அடிப்பார் என்று நினைத்தேன், அடித்திருந்தால் தேவலை என்றும் நினைத்தேன்.

"எத்தினி தபா ஊதின?"

மூன்று விரலைக் காட்டினேன்.

தலையாட்டினார். போகப் போனவர் நின்று, வண்டியின் கூரையை அண்ணாந்து பார்த்தார்.

"தாவீது, அந்தக் கவுறு… மரியாதிக்கின்னு சொல்லிக்கினு இருந்தானுங்களே. அதுக்கு இல்லியாடா?"

அவருக்குப் பின்னால் ஏகாம்பரம் அண்ணன் இரண்டு கையையும் கூப்பி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் நைனாவின் முகத்துக்கு நேரே நின்று, நிதானமாக, ஒவ்வொரு எழுத்தும் உதட்டில் தெரியும்படி சொன்னேன்.

"மரியாதிக்குத்தான் நைனா."

அவர் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இன்னொரு தபா சொல்லு" என்றார்.

சொன்னேன்.